முத்துக் கடையை எங்கே வைப்பது: கொழும்புப் பாடசாலை ஒன்றின் முன்னுள்ள நான்கு வழிகள்

கொழும்பு வடக்கிலுள்ள ஒரு பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் மாணவர் ஒழுங்கைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்து நிமிடத்துக்குள் அது பிரம்பில் போய் நிற்கும். உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை விலக்கியிருக்கிறது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் பிரம்பை எடுத்த இடத்தில் பல பாடசாலைகளில் வேறு எதுவும் வைக்கப்படவில்லை. உரத்த குரலும், வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், பெற்றோரை அழைத்து முறையிடுவதும் மட்டுமே மிஞ்சின. தவறு செய்யும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் பத்து வழிகள் உண்டு. சரியாக நடந்துகொண்ட பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டால் வருட இறுதிப் பரிசளிப்பு விழாவைத்தான் காட்டுவோம். அந்த விழாவிலும் மேடையேறுவது முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்கள்தான்.

இந்த வெறுமையை நிரப்பவே பாடசாலைகள் பலவற்றில் வெகுமதிக் கடை என்ற யோசனை பேசப்படுகிறது. நல்ல நடத்தைக்கு ஆசிரியர் அந்தக் கணமே ஓர் அடையாளத்தைக் கொடுக்கிறார். பிள்ளை அவற்றைச் சேர்த்து, குறித்த நாளில் ஒரு கடையில் கொடுத்து, தனக்குப் பிடித்த ஒன்றைப் பெற்றுக்கொள்கிறது. நான் ஒப்பிடப்போகும் வழிகள் தரம் 1 முதல் 11 வரை ஏறத்தாழ 600 பிள்ளைகள் படிக்கும், ஒரு வகுப்பில் நாற்பது பேர் வரை அமரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் பெரிய நிதி இல்லாத ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையை மனதில் வைத்தவை. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கங்களில் கற்பித்தவர்களுக்கு இந்த அளவுகள் பழக்கமானவை.

அந்த அடையாளத்துக்குப் பெயர் வைப்பதிலேயே ஓர் எச்சரிக்கை தேவை. பலரும் உடனே "புள்ளி" என்று வைத்துவிடுகிறார்கள். எங்கள் நாட்டில் புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளி; "இன்றைக்கு எத்தனை புள்ளி எடுத்தாய்" என்று ஒரு தாய் கேட்டால் அது கணித வினாத்தாளைப் பற்றிய கேள்வி. நடத்தைக்குக் கொடுப்பதையும் அதே சொல்லால் அழைத்தால், ஒரு மாதத்துக்குள் அது கெட்டிக்காரப் பிள்ளைகளின் உடைமையாகிவிடும். நான் முன்னர் கற்பித்த பாடசாலை ஒன்றில் அப்படித்தான் நடந்தது. ஆகவே நாங்கள் பிறகு "முத்து" என்ற சொல்லைத் தெரிவுசெய்தோம். இந்தக் கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

வழிகளுக்குள் இறங்குமுன், இத்தகைய முறைகளைப் பற்றி ஏற்கனவே அறியப்பட்டுள்ள சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக்கான அளவுகோல்கள் அவற்றிலிருந்துதான் வருகின்றன. அடையாளத்தைக் கொடுத்துப் பின்னர் பொருளாக மாற்றும் முறையை முதன்முதலில் ஒழுங்காக நடத்திப் பார்த்தவர்கள் தியோடோரோ அயியொன், நேதன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள். இடம் 1960களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலிருந்த அன்னா அரசு மனநல மருத்துவமனை. நீண்டகாலம் தங்கியிருந்த நோயாளர்கள் சமையலறை வேலை, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ளல் போன்றவற்றுக்கு டோக்கன்களைப் பெற்று, அவற்றைத் தனிமைக்கும் வெளியே உலாவுவதற்கும் கடைப் பொருள்களுக்கும் மாற்றிக்கொண்டார்கள். முறை வேலை செய்தது. ஆனால் டோக்கன் கொடுப்பதை நிறுத்தியதும் வேலைகளும் நின்றுபோயின. கடையைத் திறப்பதற்கு முன்னரே அதை எப்படிப் படிப்படியாகக் குறைக்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இரண்டாவது அறிவு மறுப்பாளர்களின் பக்கத்திலிருந்து வருகிறது. 1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், வண்ணப் பேனைகளால் வரைவதை இயல்பாகவே விரும்பிய பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு சாராரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்களுக்குப் பின்னர், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. 1999 இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது: முன்கூட்டியே வாக்களிக்கப்பட்ட பொருள் வெகுமதிகள் உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கின்றன, வாயால் சொல்லும் பாராட்டு அதை வளர்க்கிறது. பொருள் வெகுமதியின் பாதிப்பு பெரியவர்களைவிடச் சிறுவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

இதை வைத்துக் கடையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த ஆய்வுகள் பேசுவது பிள்ளை ஏற்கனவே விரும்பிச் செய்யும் வேலையைப் பற்றி. காலை 7.30 மணிக்கு முன்னர் வாயிலைத் தாண்டுவதையோ, குழாயடியில் வரிசையில் காத்திருப்பதையோ, சண்டை வரும் இடத்திலிருந்து விலகி வருவதையோ எந்தப் பிள்ளையும் விளையாட்டாக விரும்பிச் செய்வதில்லை. அவற்றுக்கு முத்துக் கொடுப்பதால் இழக்கப்படும் ஆர்வம் எதுவும் இல்லை. ஆனால் சித்திரம் வரைவதற்கும், நூலகப் புத்தகம் வாசிப்பதற்கும், வாணி விழாவில் பாடுவதற்கும் முத்துக் கொடுக்கவே கூடாது. ஆசிரியர்கள் ஆர்வ மிகுதியில் முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

மூன்றாவது, பரீட்சைப் பெறுபேற்றைப் பற்றியது. ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் மாணவர்களுக்குப் பணமே கொடுத்துப் பார்த்து 2011 இல் முடிவுகளை வெளியிட்டார். டலஸ் நகரில் சிறு பிள்ளைகள் ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றிய சிறு வினாவிடையில் தேறினால் இரண்டு டொலர்; நியூயோர்க்கிலும் சிகாகோவிலும் பரீட்சைப் புள்ளிக்கும் தரநிலைக்கும் பணம். பெறுபேற்றுக்குப் பணம் கொடுத்த இடங்களில் அடைவு உயரவில்லை. செயலுக்குப் பணம் கொடுத்த டலஸில் வாசிப்பில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பெறுபேற்றை உயர்த்த என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு செயலை எப்படிச் செய்வது என்பது அதற்குத் தெரியும். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வீட்டையும் வகுப்பையும் ஒருசேர ஆட்டிவைக்கும் கொழும்பில் இது மிக முக்கியமான பாடம். தவணைப் பரீட்சையில் எண்பதுக்கு மேல் எடுத்தால் பத்து முத்து என்று ஒருவர் ஒருமுறை அறிவித்துவிட்டால், அந்தக் கடை அன்றோடு இன்னொரு பரிசளிப்பு விழாவாக மாறிவிடும்.

இனி வழிகள். முதலாவது, பாடசாலை முழுவதற்கும் ஒரே கடை. வெற்று அறை ஒன்றில் அல்லது நூலகத்தின் ஒரு மூலையில் அலுமாரி வைத்து, வெள்ளிக்கிழமை இடைவேளையில் திறப்பது. பெரும்பாலானோர் மனதில் "வெகுமதிக் கடை" என்றவுடன் தோன்றும் படம் இது. அதன் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அலுமாரிக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த எவரும் அதை மறக்க மாட்டார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே விலை, ஒரே விதி என்பதால் நீதி பார்வைக்குத் தெரிகிறது. புறக்கோட்டை மலிபன் வீதியின் காகிதாதிகள் மொத்தக் கடைகளில் டசின் கணக்கில் வாங்கினால் செலவும் சில்லறை விலையைவிடக் குறைகிறது.

ஆனால் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் மாதத்துக்கு ஒரே ஒரு பொருளை, சராசரியாக 60 ரூபாய் பெறுமதியில் எடுத்தால் 600 பிள்ளைகளுக்கு மாதம் 36,000 ரூபாய். பத்து மாதத்துக்கு 360,000 ரூபாய். இது மதில் திருத்தம், மலசலகூடப் பராமரிப்பு ஆகியவற்றோடு போட்டியிடும் தொகை. பழைய மாணவர் சங்கம் முதல் வருடம் மகிழ்ச்சியோடு கொடுக்கும். மூன்றாம் வருடம் கொடுக்குமா என்பதை அதிபர் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இடையில் நின்றுபோகும் கடை, தொடங்காத கடையைவிடக் கூடுதல் கெடுதி செய்கிறது; பிள்ளைகள் தம் கையிலிருக்கும் முத்துகளுக்கு இனி மதிப்பில்லை என்பதை அறியும் நாளில், பெரியவர்களின் வாக்குக்கும் மதிப்பில்லை என்று அறிந்துகொள்கிறார்கள்.

நேரமும் அவ்வாறே. இருபது நிமிட இடைவேளையில் ஒரு பிள்ளைக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தாலும் இருபத்தாறு இருபத்தேழு பேருக்குத்தான் கடை பார்க்க முடியும். மற்றவர்கள் சாப்பிடாமல் வரிசையில் நிற்பார்கள். வகுப்புகளை வாரம் மாற்றி அழைத்தால், ஒரு வகுப்புக்கு மீண்டும் முறை வர மாதங்கள் ஆகிவிடும். அவ்வளவு நாள் காத்திருப்பது தரம் இரண்டுப் பிள்ளைக்கு ஒரு யுகம். வெகுமதி தாமதமானால் அதன் பலம் குறைகிறது என்பது எந்த ஆய்வும் இல்லாமலே ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குத் தெரிந்த செய்தி. பொறுப்பாசிரியருக்கு இருப்புக் கணக்கு, விலைப்பட்டியல், அலுமாரித் திறப்பு என்று தனி வேலை சேர்கிறது, அதற்கென்று யாரும் ஒரு பாடவேளையை விட்டுத்தரப் போவதில்லை.

அட்டைகளின் சிக்கலையும் சொல்ல வேண்டும். நாங்கள் நடத்திய முதல் முயற்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடினத்தாள் அட்டை கொடுத்து, அதில் ஆசிரியர் ஒப்பமிடும் முறையை வைத்திருந்தோம். தரம் நான்கு மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினான். சட்டைப்பையில் இருந்ததை மறந்து வீட்டில் தோய்த்துவிட்டார்கள். பதினெட்டு ஒப்பங்களும் நீல மையாகக் கரைந்து, அட்டை ஒரு சிறு உருண்டையாகிக் காய்ந்திருந்தது. அவன் அழவில்லை. "மிஸ், இதுக்குள்ளதான் இருக்கு" என்று மட்டும் சொன்னான். நான் புதிய அட்டையில் பதினெட்டையும் எழுதிக் கொடுத்தேன், அடுத்த வாரம் இன்னும் இருவர் அட்டை கரைந்துவிட்டது என்று வந்தார்கள், அவர்களை நம்புவதா இல்லையா என்ற கேள்வி எனக்கு வந்தது. ஒரு பிள்ளையின் சொல்லைச் சந்தேகிக்க வைக்கும் ஏற்பாடு நல்ல நடத்தையை வளர்க்காது. கணக்கு ஆசிரியரின் இடாப்பில் இருக்க வேண்டும். பிள்ளையின் கையில் இருப்பது ஒரு மகிழ்ச்சிக்காக மட்டும் இருக்கலாம்.

கடையில் என்ன வைப்பது என்பது நான் மிக நீண்ட காலம் யோசித்த விடயம். இனிப்புகளும் சீனி கூடிய பானங்களும் வேண்டாம். சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு விதியும் வெகுமதி அலுமாரிக்கு இன்னொரு விதியும் இருக்க முடியாது. மலிவான பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள்கள் இரண்டாம் நாளே உடைந்து குப்பைக்கு வருகின்றன. 2021 மார்ச் இறுதியிலிருந்து காற்றடைத்த விளையாட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை இந்நாட்டில் தடைசெய்யப்பட்டும் உள்ளன. எஞ்சுவது எழுதுபொருள்கள். எங்கள் அலுமாரியில் மற்ற எதையும்விட வேகமாகத் தீர்ந்தவை அவைதான். 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்த காலத்தையும், அதன் பின்னர் கொப்பி விலை ஏறிய விதத்தையும் நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இங்கேதான் நான் முதலில் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை தரம் ஐந்துப் பிள்ளை ஒன்று வாசனை அழிறப்பர், பளபளப்புப் பேனை எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, "மிஸ், இதைத் தம்பிக்கு எடுக்கலாமா?" என்று கேட்டது. அன்றைக்கு எனக்கு அது அன்பின் அடையாளமாகத் தோன்றியது, பாராட்டினேன். அந்தத் தம்பி எங்கள் தரம் இரண்டில் படிக்கிறான் என்பதும், இரண்டு வாரமாகக் கணிதக் கொப்பி இல்லாமல் வருகிறான் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. சீருடைத் துணியும் பாடநூலும் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், ஒரு பிள்ளை தன் தம்பியின் கொப்பியை நன்னடத்தையால் சம்பாதிக்க வேண்டிய நிலையை நாங்களே உண்டாக்கியிருந்தோம். பாடத்துக்கு அவசியமான எதுவும் வெகுமதிக் கடையில் இருக்கக் கூடாது. கொப்பி, பென்சில், அடிமட்டம், கொம்பாஸ் பெட்டி ஆகியவை வேறொரு தட்டில், கேட்கும் பிள்ளைக்குக் கேள்வியின்றி, மற்றவர் காணாமல் கொடுக்கப்பட வேண்டும். கடையில் இருக்க வேண்டியவை இல்லாவிட்டாலும் படிக்கலாம், இருந்தால் மகிழ்ச்சி என்ற வகையைச் சேர்ந்தவை. எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் இந்தக் கோடு அழியக் கூடாது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தன் மேசை லாச்சியில் அல்லது ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கும் சிறு கடை. ஆரம்பப் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று கருதுகிறேன். அங்கே ஒரே ஆசிரியர் காலையிலிருந்து பிள்ளைகளோடு இருக்கிறார்; முத்தைக் கொடுப்பதும் கணக்கு வைப்பதும் மாற்றிக் கொடுப்பதும் அவரே. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையின் கால் மணி நேரம் போதும். செய்த செயலுக்கும் கிடைத்த பொருளுக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் செல்வதில்லை.

குறை இரண்டு. பல ஆசிரியர்கள் இதற்குத் தம் சம்பளத்திலிருந்தே செலவிடுகிறார்கள். நல்ல மனத்தோடு செய்தாலும் அது நீடிக்காது, செய்ய முடியாத ஆசிரியரைக் குற்றவுணர்வுக்கும் ஆளாக்குகிறது. மற்றது, 4ஏ வகுப்பில் வாசனைப் பேனையும் 4பீ வகுப்பில் ஸ்டிக்கரும் கிடைத்தால், ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் பிள்ளைகள் மாலைக்குள் அதை ஒப்பிட்டுவிடுவார்கள். ஆகவே பொருள்களைப் பாடசாலை மொத்தமாக வாங்கி எல்லா ஆரம்ப வகுப்புகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், விலைப்பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். தரம் ஆறுக்கு மேல் இந்த வழி பொருந்தாது. அங்கே பாடவேளைக்குப் பாடவேளை ஆசிரியர் மாறுகிறார், வகுப்பாசிரியர் ஒரு நாளில் ஒரு பாடவேளை மட்டுமே தன் வகுப்பைப் பார்க்கக்கூடும்.

மூன்றாவது வழியில் பொருளே இல்லை, சலுகைகள் மட்டும். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, மணியடிப்பது, ஒரு நாள் விரும்பிய நண்பரோடு உட்காருவது, ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்து படிப்பது, கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய சிந்தனையைத் தன் கையால் எழுதுவது, விளையாட்டுப் பாடவேளையில் எந்த விளையாட்டு என்று தெரிவுசெய்வது, வீட்டுக்கு அதிபர் ஒப்பமிட்ட கடிதம் கொண்டுபோவது. செலவு, காகிதமும் மையும் மட்டும். மூன்றாம் வருடம் நின்றுபோகும் அச்சம் இல்லை. பொருள் வெகுமதியைப் பற்றி ஆய்வாளர்கள் எழுப்பும் மறுப்பும் இங்கே பெரிதும் தணிகிறது, ஏனெனில் பிள்ளை பெறுவது நம்பிக்கையும் பொறுப்பும்.

இந்தப் பட்டியலில் நான் மிகவும் மதிப்பது கடைசியாகச் சொன்ன கடிதத்தை. எங்கள் பெற்றோர் பலருக்குப் பாடசாலையிலிருந்து கடிதம் வருவது என்றால் முறைப்பாடு வருவது என்றுதான் பொருள். தரம் ஏழு மாணவன் ஒருவன் பதினைந்து முத்துக் கொடுத்து ஒரு கடிதத்தை வாங்கினான். "உங்கள் மகன் இந்த மாதம் மூன்று தடவை, யாரும் சொல்லாமலே, புதிதாக வந்த மாணவனைத் தன்னோடு சாப்பிட அழைத்துச் சென்றான்" என்பதே அதில் இருந்த முழுச் செய்தி. அவனுடைய தந்தை புறக்கோட்டையில் நாட்டாமையாக, மூட்டை சுமக்கும் வேலை செய்பவர். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்தபோது, அவர் பணப்பையிலிருந்து நான்காக மடித்த அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பு கிழிந்து, உள்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. நூறு பளபளப்புப் பேனைகள் அதைச் செய்திருக்க மாட்டா. கடிதத்தில் செயல் குறிப்பாக எழுதப்பட வேண்டும் என்பதையும் இங்கே வற்புறுத்துவேன். "உங்கள் பிள்ளை நல்ல பிள்ளை" என்ற அச்சிட்ட படிவத்தை யாரும் பணப்பையில் வைத்துக்கொள்வதில்லை.

சலுகைக் கடைக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. மேடையேறிச் செய்தி வாசிப்பது ஒரு பிள்ளைக்குப் பரிசாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தண்டனையாகவும் இருக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பிடித்தவை என்னவென்று கேட்டறியாமல் பட்டியல் போட்டால், கடை வாயாடிகளுக்குச் சொந்தமாகிவிடும். தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் பெயர் எழுதாத துண்டுத்தாளில் தனக்குப் பிடித்த மூன்றை எழுதித் தரட்டும். மற்றது, எல்லாருக்கும் உரியதைச் சலுகையாக விற்கும் பழக்கம். விளையாட்டுப் பாடவேளை, நூலகத்துக்குப் போவது, தண்ணீர் குடிக்க எழுந்து போவது ஆகியவை பிள்ளைகளின் உரிமை. அவற்றை முதலில் பறித்துப் பின் முத்துக்கு விற்பது சலுகையாகாது.

நான்காவது, வகுப்பு முழுவதற்கும் ஒரு பொதுப் போத்தல். ஜாம் போத்தல் ஒன்றில், வகுப்பு ஒழுங்காக நடந்த ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு புளியங்கொட்டை. போத்தல் நிறைந்தால் வகுப்புக்கே ஒரு மகிழ்ச்சி, உதாரணமாக மரநிழலில் ஒரு பாடம் அல்லது அரை மணி நேர விளையாட்டு. இதற்கு நெருங்கிய உறவுடைய குழு விளையாட்டு முறை ஒன்றை 1969 இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு நான்காம் தர வகுப்பில் நடத்திப் பார்த்தார்கள். பின்னர் 1980களின் நடுப்பகுதியில் பால்டிமோர் நகரில் முதலாம் தரத்தில் அதில் பங்குபற்றிய பிள்ளைகளை வளர்ந்த பின்னரும் தொடர்ந்து பார்த்து, குறிப்பாக முரட்டுத்தனம் மிகுந்திருந்த ஆண்பிள்ளைகளிடம் நல்ல மாற்றங்களைப் பதிவுசெய்தார்கள். ஆசிரியர் மாறும் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு இது வசதி, ஏனெனில் போத்தல் வகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் "இவனால்தான் கொட்டை கிடைக்கவில்லை" என்று நாற்பது பேரும் ஒருவனைப் பார்க்கும் நாள் வரும். அதனால் கொட்டையைப் போடலாம், எடுக்கக் கூடாது. தனி முத்துகளுக்கும் இதே விதி: ஒருமுறை கொடுத்தது பிள்ளையுடையது, பிறகு செய்த தவறுக்காகத் திரும்பப் பெறுவது ஏற்கத் தகாது. தவறுக்கு அதற்குரிய வழி தனியாக இருக்கட்டும். மாணவர் தலைவர்கள் கையில் முத்து வழங்கும் அதிகாரத்தைக் கொடுப்பதும் வேண்டாம். அது நட்புக்கும் அச்சத்துக்கும் விலை போகும்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பணம், நேரம், நீதி என்ற கேள்விகளுக்கு மேலாக எனக்கு முதன்மையாகப்படுவது வேறொரு கேள்வி: எந்த ஏற்பாடு ஆசிரியரின் கண்ணை இதுவரை போகாத பிள்ளையிடம் கொண்டுபோகிறது? எங்கள் கடை தொடங்கி மூன்றாவது வாரம், வகுப்பு இடாப்பின் வரிசையில் பெயர்களுக்கு எதிரே முத்துக்களைக் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களில் குழப்படிக்காரர்கள் இருவர் மட்டுமே. மற்ற ஏழு பேரும் எந்தத் தொந்தரவும் தராமல், நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்து, பேசாமல் போகும் பிள்ளைகள். முத்துகளில் பெரும்பகுதி, கெட்டிக்காரர்களிடமும், குழப்பம் செய்து பின் அடங்கியதற்காக உற்சாகப்படுத்தப்பட்டவர்களிடமும் குவிந்திருந்தது. அந்த ஏழு பேரில் ஒரு பெண்பிள்ளையை நான் அவ்வருடம் பெயர் சொல்லி அழைத்தது இடாப்புக் கூப்பிடும்போது மட்டும்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கூட்டலைச் செய்யாத கடை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற்கனவே பார்க்கப்படும் பிள்ளைகளை இன்னொருமுறை பார்ப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

இந்த அளவுகோலில் பொதுக் கடை பின்னுக்குப் போகிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களைத்தான் காண முடியும், வராதவர்களைக் காண முடியாது. பொதுப் போத்தல் வகுப்பைக் காட்டுகிறது, தனிப் பிள்ளையைக் காட்டுவதில்லை. வகுப்புக் கடையும் சலுகைக் கடையும் இடாப்போடு சேர்ந்து நடந்தால் இரண்டும் இதைச் செய்யும்.

ஆகவே, என்னிடம் கேட்கும் பாடசாலைக்கு நான் சொல்வது இது. தரம் 1 முதல் 5 வரை வகுப்புக் கடையை வைத்துக்கொள்ளுங்கள், பொருள்களையும் சலுகைகளையும் கலந்து, முதல் தவணையில் வாரம் ஒருமுறை, இரண்டாம் தவணையில் இரு வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாம் தவணையில் மாதம் ஒருமுறை என்று இடைவெளியை நீட்டி, பொருள்களைக் குறைத்துச் சலுகைகளைக் கூட்டி வாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தவணைக்கு நூறு ரூபாய் என்று வைத்தால், 280 பிள்ளைகள் உள்ள ஆரம்பப் பிரிவுக்கு 28,000 ரூபாய். மூன்று தவணைக்கும் முழுமையாக ஒதுக்கினாலும் 84,000 ரூபாய்க்குள் அடங்கும். தரம் 6 முதல் 9 வரை பொதுப் போத்தலும் சலுகைக் கடையும் போதும். முத்துகளைப் பாட ஆசிரியர்கள் வகுப்பு மேசையிலுள்ள ஒரே கொப்பியில் பதியட்டும், வகுப்பாசிரியர் மாத இறுதியில் கூட்டட்டும். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு முத்தும் கடையும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வயதில் அவர்களுக்குப் பொறுப்புகளும், வீட்டுக்கு ஒரு கடிதமும், தேவைப்படும் இடத்தில் நற்சான்றிதழில் எழுதப்படும் உண்மையான இரண்டு வரிகளுமே பெறுமதியானவை.

முத்துக்குரிய நடத்தைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கண்ணால் காணக்கூடிய செயலாக எழுதப்பட வேண்டும். "மரியாதையாக இருத்தல்" என்று எழுதினால் ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொன்றை நினைப்பார். "மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருத்தல்" என்று எழுதினால் யாருக்கும் ஐயமில்லை. முத்தைக் கொடுக்கும்போது எதற்காக என்பதைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நீட்டும் முத்து வெறும் மணியாகவே கையில் விழும்.

பலன் தெரிகிறதா என்பதை எவரது மனப்பதிவிலும் விடாதீர்கள். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், வாயிலில் பிந்தி வந்தவர்களின் பதிவையும், பகுதித் தலைவரிடம் போன முறைப்பாடுகளின் எண்ணிக்கையையும் எடுத்து வையுங்கள். ஒரு தவணை முடிவில் அதே இரு வாரக் கணக்கை மீண்டும் எடுங்கள். குறையாவிட்டால் கடையை மூடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் மூடும் முன் கையிலிருக்கும் முத்துகள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

மாதந்தோறும் வெறுமையாக இருக்கும் பெயர்களைத் தனித்தாளில் எழுதி ஆசிரியர் தன் பாடக்குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஐந்து நாளில் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும், அவர் செய்யும் உண்மையான நற்செயல் ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை கவனிக்க வேண்டும். இரக்கத்துக்காக முத்துக் கொடுத்தால் பிள்ளை அதை உடனே கண்டுகொள்ளும். நான் பெயர் சொல்லாமல் வருடம் முழுவதையும் கழித்திருக்கக்கூடிய அந்தப் பெண்பிள்ளையை இவ்வாறு மூன்று நாள் பார்த்தேன். மணியடித்ததும் எல்லாரும் ஓடும்போது அவள் கடைசியாக நின்று, மின்விசிறியையும் விளக்கையும் நிறுத்திவிட்டே வெளியேறுவாள். யாரும் அதைச் செய்யும்படி அவளிடம் சொன்னதில்லை. வியாழக்கிழமை நான் வாசலிலேயே நின்று, பெயரைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, முத்தைக் கொடுத்தேன். "நீங்க பார்த்தீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.